2.52-க்கு அந்த எண் யாரிடம் இருந்தது?

அத்தியாயம் 11

அண்ணியின் கை ரூட்டரின் ஸ்விட்ச் வரைக்கும் போய்விட்டது.

“அண்ணி, அதைத் தொடாதீங்க.”

ஏணி ஈரம் சொட்டும் தலையோடு கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். அவள் சொன்ன தோரணையில் அண்ணியின் கை அந்தரத்திலேயே நின்றது. நெட் காலையிலிருந்து இழுத்துக்கொண்டு கிடக்கிறது, ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் அவள் எழுந்தாள். அந்த வைத்தியத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே ஏணிதான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அவள் வாயில் வருவதும் அதுதான். இன்றைக்கு மட்டும் அது ஆகாது.

ஏணி என்பது அவள் பெயர் அல்ல. இன்டர்நெட் கம்பெனிக்காக வீடு வீடாக இணைப்பு கொடுக்கிற வேலை. தோளில் ஏணியும் இடுப்பில் கருவிப் பையுமாக ஒன்பது வருஷம் தெருத்தெருவாகச் சுற்றியதில் ஒட்டிக்கொண்ட பெயர். அண்ணன் கேலிக்கு ஆரம்பித்து வைத்தான். இப்போது ஆபீஸில் கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அண்ணனின் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்த அண்ணியின் கையில் ஒரு கடிதம் சிக்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அதில் இருந்த விஷயம் இதுதான்.

அண்ணன் ஒரு பெரிய மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளன். முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் 2.52-க்கு யாரோ வெளியிலிருந்து லேபின் கம்ப்யூட்டர் பதிவேட்டுக்குள் நுழைந்து, ஒரு நோயாளியின் ரத்த வகையை மாற்றிவிட்டார்கள். ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் கட்டில் பக்கத்திலேயே மறுபடியும் சோதித்துப் பார்த்த நர்ஸ் கண்டுபிடித்தாள். அதனால் ஓர் உயிர் தப்பியது. நுழைந்தவர் பயன்படுத்தியது லேபில் ஆறு பேருக்குத் தெரிந்த பொதுக் கடவுச்சொல். ஆளைக் காட்டிக்கொடுக்க மிச்சமிருந்த ஒரே தடயம், அவர் எந்த இணைப்பு வழியாக வந்தார் என்று சொல்லும் ஐ.பி. முகவரி. மறுநாள் புதன்கிழமை காலை அண்ணன் வீட்டிலிருந்தபடியே அதே பதிவேட்டைத் திறந்திருந்தான். இரண்டு தடவையும் ஒரே முகவரி. போதாக்குறைக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் விடுப்பு.

இன்று பதினோரு மணிக்கு விசாரணை. சரியான விளக்கம் இல்லாவிட்டால் அவன் பெயரைப் போட்டே போலீஸுக்குப் புகார் போகும்.

கடிதம் வெளியே வந்த பிறகு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தான் செய்யவில்லை, அன்றைக்கு முழுக்க வீட்டில்தான் படுத்துக் கிடந்தேன் என்று அண்ணன் இரண்டு தடவை சொன்னான். மருத்துவமனைக்கும் அப்படியே எழுதிக் கொடுத்திருந்தான். மூன்றாவது தடவை கேட்டபோது எழுந்து போய்விட்டான். காலையில் ஏழரைக்கெல்லாம் பஸ் பிடித்துக் கிளம்பியும் விட்டான்.

குளித்துக்கொண்டிருந்தபோதுதான் ஏணிக்கு உறைத்தது. தலையைத் துவட்டக்கூட நேரமில்லாமல் ஓடி வந்து தன் வேலை டைரியைப் புரட்டினாள். அவள் கையெழுத்திலேயே இருந்தது: செவ்வாய், மாலை நான்கு, நம் தெருமுனைக் கேபிள் பெட்டி மாற்றம், எல்லா வீடுகளும் துண்டிப்பு.

“அண்ணி, நம்ம வீட்டு நம்பர்னு சொல்றாங்களே, அது நம்மளோடதே இல்லை. கம்பெனி நமக்குக் கொடுத்து வச்சிருக்கறது.”

அண்ணிக்குப் புரியவில்லை. ஏணி லாட்ஜை வைத்துச் சொன்னாள். லாட்ஜில் 203-ஆம் அறைச் சாவியை இன்றைக்கு நம்மிடம் கொடுப்பார்கள். நாம் காலி செய்தால் வேறொருவரிடம் கொடுப்பார்கள். கம்பெனியும் ஒரு கட்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு அப்படித்தான் வீடுகளுக்குக் கொடுக்கிறது. இணைப்பு அறுபடாத வரைக்கும் அதே எண் நாள்கணக்காக நம்மிடமே இருக்கும். தெருவே ஒரேயடியாக அறுந்து திரும்ப வந்தால், கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி ஆளுக்கொன்று புதிதாக வரும். அன்றைக்கு நான்கு மணிக்கு அந்தக் கட்டைக் கலைத்தது வேறு யாருமல்ல, ஏணியேதான்.

அண்ணி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.

“அப்ப நாலு மணிக்கு ரூமுக்கு வந்தவங்களை, ரெண்டே முக்காலுக்கு அங்க நடந்ததுக்குப் பிடிச்சிருக்காங்க.”

“இருக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி நம்மகிட்ட வேற நம்பர் இருந்துச்சுன்னு காட்டணும். அது இந்த ரூட்டருக்குள்ள எழுதியிருக்கும். அணைச்சா அத்தனையும் அழிஞ்சிடும்.”

அண்ணி ஸ்விட்சிலிருந்து இரண்டடி தள்ளி நின்றாள். பிறகு மெதுவாகத் தன் போனை நீட்டினாள். மின்வாரியத்திலிருந்து செய்தி வந்திருந்தது. பராமரிப்பு வேலை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை. மணி அப்போது எட்டே முக்கால்.

ரூட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி உண்டு. சின்னச் சின்ன மின்வெட்டுகளில் அது ரூட்டரை உயிரோடு வைத்திருந்ததால்தான் பத்து நாள் பதிவு இன்னும் உள்ளே இருக்க வேண்டும். புதிதில் இருபது நிமிடம் தாங்கியது. இப்போது ஐந்து நிமிடம் தாங்கினால் பெரிது.

ஏணி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்டது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்ததைப் போட்டாள். ஏற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓசியில் படம் பார்க்கிறார்கள் என்று போன வருஷம் அண்ணன் வைஃபை கடவுச்சொல்லோடு இதையும் சேர்த்து மாற்றியது நினைவுக்கு வந்தது. அண்ணனுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான்.

இன்னும் இரண்டு தடவை தப்பாகப் போட்டால் அரைமணி நேரத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் ரகம் அது.

“எனக்குத் தெரியும்,” என்றாள் அண்ணி.

“சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன். நீ அந்தப் பக்கம் திரும்பு, நானே அடிக்கறேன்.”

யாரும் இல்லாதபோது அண்ணன் அவளைக் கூப்பிடும் பெயராக இருக்க வேண்டும். பதற்றத்திலும் அண்ணியின் காது மடல் சிவந்திருந்தது. ஏணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்துகொண்டது.

முதலில் ரூட்டரின் கடிகாரத்தைப் பார்த்தாள். சில பெட்டிகளில் தேதி ஏதோ ஒரு யுகத்தில் நின்றுபோயிருக்கும். அப்படி இருந்தால் இத்தனை ஓட்டமும் வீண். போனில் 8.51. ரூட்டரிலும் 8.51. மூச்சு வந்தது.

பதிவு ஐந்நூறு வரிகளுக்கு மேல் வைத்துக்கொள்ளாது. புது வரி ஒன்று மேலே வந்தால் கீழே பழைய வரி ஒன்று விழுந்துவிடும். அவள் கீழே கீழே போனாள். திங்கள், ஞாயிறு, சனி. வியாழன். புதன். செவ்வாய்க்கிழமை அடியோடு போய்விட்டதோ என்று நினைத்த நேரத்தில், ஆகக் கடைசிப் பத்துப் பதினைந்து வரிகளில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. மதியம் பன்னிரண்டரைக்கு மேல்தான் இருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அதுவும் இல்லை.

3.58: வெளி இணைப்பு துண்டிப்பு. விட்ட முகவரி, 61 என்று முடிவது.

4.17: வெளி இணைப்பு வந்தது. பெற்ற முகவரி, 203 என்று முடிவது.

கடிதத்தில் இருந்ததும் 203-தான். ஏணி அந்த இடத்தை மட்டும் லேப்டாப்பிலிருந்து போனில் படம் பிடித்தாள். பிறகு போனை லேப்டாப்பில் செருகி, முழுப் பதிவையும் நேராக அதிலேயே கோப்பாக இறக்கினாள். கோப்பு முழுதாக வந்து சேர்ந்ததும் மின்விசிறி நின்றது. மணி 8.58. சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே பிடுங்கிவிட்டார்கள். ரூட்டரின் பச்சை விளக்குகள் மட்டும் பேட்டரியில் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன.

“கிடைச்சிடுச்சு அண்ணி,” என்று திரும்பினாள்.

அண்ணி அவளைப் பார்க்கவில்லை. லேப்டாப் திரையில் 4.17-க்கு மேலும் கீழும் இருந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனி வீட்டுக்கு ஒரு முகவரி கொடுப்பதுபோல, வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் தன் பங்குக்கு ஓர் எண் கொடுக்கும். யாருடைய போன் வந்தது, யாருடையது போனது என்று அதையும் எழுதி வைக்கும். அண்ணனின் போனுக்கு அவன் தன் உத்தியோகத்தையே பெயராக வைத்திருந்தான். அது 12.50-க்கு வீட்டு வட்டத்தைவிட்டு விலகியிருந்தது. 5.35-க்குத்தான் திரும்ப வந்து எண் வாங்கியிருந்தது.

“அன்னிக்கு முழுக்க வீட்டுலதான் படுத்துக் கிடந்தாராம்,” என்றாள் அண்ணி. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

போனை அணைத்து வைத்திருக்கலாம், சார்ஜ் இறங்கியிருக்கலாம் என்று ஏணி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே ஒட்டவில்லை. அண்ணி உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். கார்ச் சாவி கையில் இருந்தது.

“வா. நானே கொண்டுவிடறேன். எனக்கும் கேக்க வேண்டியது இருக்கு.”

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. ஏணியின் கால் வழி முழுக்க அதன் மேலேயே இருந்தது. மாணவர்களிடம் நாற்பதைத் தாண்டாதே என்று தொண்டை வறளக் கத்துகிற அண்ணி, இன்று சிக்னல் மஞ்சளுக்கு மாறுவதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஒரே ஒரு தடவை, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே கேட்டாள்.

“உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிஞ்சு மறைக்கறியா?”

தெரியாது என்றாள் ஏணி. அது உண்மைதான். ஆனால் சொன்னபோது பொய் மாதிரியே ஒலித்தது.

மருத்துவமனையில் காரை நிறுத்த இடம் தேடி அண்ணி பின்பக்கம் போனாள். ஏணி இறங்கி இரண்டாம் மாடிக்கு ஓடினாள். நடைபாதைக் கடைசியில் ஒரு மர பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். முந்தாநாள் போட்ட சட்டையையே போட்டுக்கொண்டு வந்திருந்தான். பதினெட்டு வருஷமாக வெள்ளைக் கோட்டுக்குள் ஒரு சுருக்கம் இல்லாமல் நடமாடிய கட்டடத்தில், யாரையோ பார்க்க வந்த ஆள் மாதிரி இருந்தான்.

அவள் 3.58-ஐயும் 4.17-ஐயும் காட்டினாள். அவன் போனை முகத்துக்கு மிக அருகே கொண்டுபோய், தலையைக் கொஞ்சம் ஒருக்களித்துப் பார்த்தான். இரண்டாம் தடவையும் படித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“நல்ல வேளை,” என்றான். “போதும். இது போதும்.”

“போதாது. அன்னிக்கு நீ எங்க போனே?”

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

“உன் போன் ஒரு மணிக்கு முன்னாடி வெளிய போயிருக்கு. அஞ்சரைக்குத்தான் வந்திருக்கு. அண்ணியும் பார்த்துட்டாங்க. இப்ப மேல வருவாங்க.”

நடைபாதையில் வந்த ஒரு தள்ளுவண்டிக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டான். பிறகு தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கண் ஆஸ்பத்திரிக்குப் போனானாம். இரண்டு மாதமாக வலது கண்ணில் நடுப்பகுதி மங்கிக்கொண்டே வருகிறது. நேர்க்கோடு வளைந்து தெரிகிறது. சொட்டு மருந்து போட்டு விழியை விரித்துச் சோதித்ததில் சாயங்காலம் ஆகிவிட்டது. லேபில் தெரிந்தால் மைக்ரோஸ்கோப் பக்கமே விடமாட்டார்கள். வீட்டில் சொன்னால் அழுகை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

ஏணியின் மனம் கணக்குப் போட்டது. இரண்டு மாதம், எத்தனை பேருடைய ரத்தம்.

கேட்காமலே அவன் பதில் சொன்னான். இந்த இரண்டு மாதத்தில் ஒரு முடிவைக்கூடத் தன் கண்ணை மட்டும் நம்பி அனுப்பவில்லை. எல்லாவற்றையும் இன்னொரு ஆளை வைத்து இரண்டாவது தடவை பார்க்க வைத்தபிறகே கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

“நம்பர் மாறினதை மட்டும் காட்டு, ஏணி. போன் வந்தது போனதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு?”

“நானாவே காட்ட மாட்டேன். கேட்டா மறைக்கவும் மாட்டேன்,” என்றாள் அவள். சிறு வயதிலிருந்து அவனிடம் அவள் இப்படிப் பேசியதில்லை.

அண்ணி படியேறி வருவதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அறையில் மூன்று பேர். நடுவில் கண்காணிப்பாளரம்மா, ஐம்பத்தைந்து வயது டாக்டர். ஒரு பக்கம் நிர்வாக அதிகாரி. மறுபக்கம் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர். கடிதத்துக்குக் காரணமான பட்டியல் அவருடையது. தங்கை என்பதால் ஏணி உள்ளே வருவதை நிர்வாக அதிகாரி ஆட்சேபித்தார். இணைப்பு கொடுக்கிற வேலை தெரிந்தவள், பத்து நிமிடம் பேசிவிட்டுப் போகட்டும் என்று கண்காணிப்பாளரம்மா அனுமதித்தார்.

மரத்தின் மேலும் மொட்டைமாடியின் மேலும் நின்று கத்திப் பேசிப் பழகிய குரலை ஏணி அடக்கிக்கொண்டு பேசினாள். லாட்ஜ், அறை, சாவி என்று வீட்டில் சொன்னதையே இங்கேயும் சொன்னாள். அம்மா நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் மட்டும் நாற்காலியில் முன்னால் வந்தார். ரூட்டர் பதிவு வெறும் எழுத்துக் கோப்பு, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து அடித்துக்கொண்டு வரலாம் என்றார்.

“சரிதான் சார். என்னை நம்ப வேண்டாம்,” என்றாள் ஏணி. “கம்பெனியில எந்த நிமிஷம் எந்த நம்பர் யார்கிட்ட இருந்துச்சுன்னு பதிவு இருக்கும். போலீஸ் மூலமாக் கேட்டாக் கொடுப்பாங்க. ஆனா இந்த நம்பர் யாருதுன்னு கேக்காதீங்க. செவ்வாய்க்கிழமை ரெண்டு அம்பத்திரண்டுக்கு யார்கிட்ட இருந்துச்சுன்னு கேளுங்க. ரெண்டுக்கும் பதில் வேற வேற வீடு.”

கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் தன் பட்டியலை ஒருமுறை பார்த்தார். புதன்கிழமையையும் செவ்வாய்க்கிழமையையும் ஒரு கோட்டால் இணைத்து, பக்கத்தில் அண்ணனின் பெயரை எழுதியிருந்தார். நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். தெருவே துண்டிக்கப்பட்டது தனக்குத் தெரியாது, நடுவில் எண் மாறியிருக்கும் என்று யோசிக்காமல் விட்டது தன் தப்பு என்று அம்மாவிடம் அவரே சொன்னார்.

அண்ணனின் தோள் ஒரு விரற்கடை இறங்கியது.

அவர் அதோடு விடவில்லை. படம் பிடித்ததில் சில வரிகள்தான் இருக்கின்றன, முழுக் கோப்பும் இருந்தால் தன் பிரதிக்கு வேண்டும் என்றார். அவர் கேட்டதில் எந்த உள்நோக்கமும் இல்லை. வேலையைச் சுத்தமாகச் செய்ய நினைத்தார், அவ்வளவுதான்.

ஏணி போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். கோப்பு அதில்தான் இருந்தது. விரல் நுனியால் ஒரு தட்டு தட்டினால் போய்விடும். இல்லை என்று சொன்னாலும் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. வீட்டில் பேட்டரி எப்போதோ தீர்ந்து, ரூட்டரில் இருந்த பதிவு இந்நேரம் அழிந்து போயிருக்கும். உலகத்தில் மிச்சம் இருப்பது அவள் கையில் உள்ள இது ஒன்றுதான்.

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

நிர்வாக அதிகாரி தொண்டையைக் கனைத்தார். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“கொடுத்துடு, ஏணி,” என்றான். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினான். “அன்னிக்கு வீட்டுல இருந்தேன்னு எழுதிக் கொடுத்தது பொய், மேடம். கண் டாக்டர்கிட்ட இருந்தேன். வலது கண்ணுல நடுப் பார்வை போயிட்டிருக்கு.”

அதன்பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. அம்மா நிறையக் கேள்விகள் கேட்டார். இரண்டாவது ஆள் பார்த்ததற்குச் சாட்சியாகப் பதிவேட்டில் ஒவ்வொரு முடிவிலும் இரண்டு கையெழுத்து இருக்கிறதா என்று அங்கேயே வரவழைத்துப் பார்த்தார். இருந்தது. போலீஸுக்குப் புகார் போகும், ஆனால் யார் பெயரையும் குறிப்பிடாமல், அந்த நிமிஷத்தைக் குறிப்பிட்டு. கண் டாக்டரின் சான்று வரும் வரைக்கும் அண்ணன் பரிசோதனை மேஜையில் உட்காரக் கூடாது; பதிவறையில் இருக்கலாம். மறைத்ததற்குத் தனியாக விளக்கம் எழுதித் தர வேண்டும்.

“இதை ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருந்தா, இந்த நாற்காலியில உங்களை உக்கார வச்சிருக்க மாட்டேன்,” என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அண்ணனுக்கு அதிகம் வலித்தது.

கதவுக்கு வெளியே அண்ணி நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள், எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. நேராகப் படியிறங்கினாள். இருவரும் பின்னால் போனார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் ஒரு தூண் பக்கத்தில் அண்ணனை நிற்க வைத்தாள். அவளிடம் ஓட்டக் கற்க வருகிற யாருக்கும் முதல் நாள் சாவி கிடையாது. இருபது அடி தள்ளி நிற்கிற வண்டியின் நம்பரை ஒவ்வொரு கண்ணாக மூடிப் படித்துக் காட்ட வேண்டும். அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது.

“இடது கண்ணை மூடுங்க. படிங்க.”

“இப்ப எதுக்கு இது?”

“படிங்க.”

அண்ணன் உள்ளங்கையால் இடது கண்ணை மூடினான். முதல் எழுத்தைச் சொன்னான். கடைசி எண்ணைச் சொன்னான். நடுவில் நின்றுவிட்டான். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தான்.

“நடுவுல அழிச்சு விட்ட மாதிரி இருக்கு. ஓரம்தான் தெரியுது.”

அண்ணி காரின் மேல் சாய்ந்துகொண்டாள். இவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. அழுகையும் பேச்சும் கலந்து வந்தன.

“ரெண்டு மாசமா என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, நான் ஓட்டறதுல குறை சொல்லிட்டிருந்தீங்க.” மூக்கை உறிஞ்சினாள். “காலையிலேர்ந்து உங்களுக்கு வேற யாரோ இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டு வந்தேன் தெரியுமா? அது பொய்யாப் போச்சேன்னு சந்தோஷப்படவும் விடலை நீங்க.”

அண்ணன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அடுத்த சோதனை வெள்ளிக்கிழமை, நீயும் வர்றியா என்று கேட்டான். வருவேன் என்பதுபோல் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஏணி அவர்களை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு அவள் தன் ஆபீஸில் சூப்பர்வைசர் முன்னால் நின்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். போலீஸிலிருந்து ஒரு கேள்வி வரும், தன் வீடு சம்பந்தப்பட்டது, அதனால் அந்தப் பதிவுப் பக்கமே தன்னை விடக் கூடாது, ஆனால் அது அழியாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். வரும் வழியெல்லாம் ஒரு யோசனை அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இந்த ஆபீஸில் ஒரு திரையைத் திறந்து, ஓர் எண்ணையும் ஒரு நேரத்தையும் அடித்தால் போதும். பெயர் வந்து நிற்கும். அதனால்தான் முதல் வேலையாக இவரிடம் வந்து சொல்லிவிட்டாள்.

சூப்பர்வைசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பதிவை அழியாமல் பூட்டி வைப்பதற்காகத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தேதியையும் நேரத்தையும் அடித்தார். கொஞ்ச நேரம் எதையோ படித்தார். இன்னொரு பக்கத்தைத் திறந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

“பெயரை நான் சொல்லப் போறதில்லை. நீயும் கேக்காதே.”

“கேக்கலை சார்.”

“ஆனா ஒண்ணு எழுதி வைக்கணும், ஏன்னா இதுல உன் பேரும் இருக்கு. உங்க தெருமுனைப் பெட்டியில இருந்து போற இணைப்புதான் இது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி கொடுத்தது. கம்பி இழுத்தது நீ.”

ஏணி வெளியே வந்து, சுவரில் சாத்தியிருந்த ஏணியின் பக்கத்தில் நின்றாள். அந்தப் பெட்டியில் எட்டு வீடுகள். ஏழு பழையவை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் புதிதாகக் கம்பி இழுத்தது ஒரே ஒரு வீட்டுக்குத்தான்.

அன்று வேலை முடிந்து கருவிகளை எடுத்து வைத்தபோது, அந்த வீட்டுப் பெண் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சின்ன வயது, சிரித்த முகம். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நீங்க லேப் சாரோட தங்கச்சிதானே, முகத்தைப் பார்த்தாலே தெரியுது என்றாள்.

அன்றைக்கு ஏணிக்கு அது பெருமையாக இருந்தது.